லைவ் ராக்கோடு வந்த உயிரினம் எது? அடையாளம் காணும் முறை

பவளத் தொட்டியில் லைவ் ராக்கையோ (உயிரினங்கள் குடியேறிய கடல் பாறை) புதிய பவளத்தையோ இறக்கிய சில வாரங்களில், நாம் காசு கொடுத்து வாங்காத உயிரினம் ஏதேனும் ஒன்று தலைகாட்டத்தான் செய்யும். அவற்றில் பெரும்பாலானவை மிச்சத் தீனியையும் பாசியையும் தின்று தொட்டிக்கு நன்மை செய்பவை என்பதால், இன்னதென்று தெரியாத எதையும் கொல்லக் கூடாது என்பதே என் முதல் விதி. உப்பின் அளவு, வெப்பநிலை ஆகியவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதுவதால், அவற்றை இங்கே விளக்கவில்லை.

படி 1: விளக்கை அணைத்து ஒரு மணி நேரமாவது கழிந்த பின், டார்ச்சின் முகப்பில் சிவப்பு ஜெலட்டின் தாளைக் கட்டிக்கொண்டு பாறையின் அடிப்பகுதியையும் துளைகளையும் பாருங்கள். வெள்ளை ஒளி பட்டவுடன் ஓடி ஒளிபவை, சிவப்பொளியை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

படி 2: பிடித்துத் தனியே வையுங்கள். இடுக்கியை விட, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சின் முனையில் காற்றுக்குழாயைச் செருகி உறிஞ்சுவதையே நான் விரும்புகிறேன். உயிரினமும் நசுங்காது, கையிலும் முள் ஏறாது. தொட்டி நீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளரில் விட்டு, மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகப் படம் எடுங்கள். கைப்பேசியில் மாட்டும் மலிவான மேக்ரோ லென்ஸே போதும். ஓடிக்கொண்டே இருக்கும் உயிருக்கு நுண்ணோக்கி வீண்செலவு.

படி 3: நிறத்தை விட்டுவிட்டு உடலமைப்பைப் பாருங்கள். இருபுறமும் வெண்ணிற முட்கற்றைகள் கொண்ட புழுக்களில் பெரும்பாலானவை கழிவு தின்பவை. பவளம் தின்னும் நெருப்புப் புழுவான ஹெர்மோடிஸ், கரீபியன், மத்திய தரைக்கடல் பகுதிகளைச் சேர்ந்தது என்பதால் பாறை எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஒரு கை நீண்டும் மற்றவை குட்டையாகவும் இருக்கும் சிறு நட்சத்திரமீன் ஆஸ்டெரினா. உடலைப் பிளந்து பெருகுவதால்தான் அந்த ஒழுங்கற்ற வடிவம். பழுப்பு நிறக் கூர்விரல்களோடு, தொட்டவுடன் துளைக்குள் சுருங்குவது எய்ப்டாசியா என்னும் கடல் அனிமோன். அதை ஒருபோதும் வெட்டவோ சுரண்டவோ கூடாது. பாறையில் தங்கிவிடும் அடிப்பாகத்தின் சிறு துணுக்கும் புதிய உயிராக வளரும்.

படி 4: என்னை நெடுநாள் குழப்பியதும், நீங்கள் அவசரப்படக் கூடாததும் இந்தப் படிதான். கண்ணாடியில் ஊரும் அரிசி அளவுப் பூச்சி ஆம்ஃபிபாடா, ஐசோபாடா (இரண்டும் இறால், நண்டின் உறவினங்கள்) என்பதற்குப் பக்கவாட்டுப் படமே விடை சொல்லும். இருபக்கமும் அழுத்தியதுபோல் ஒல்லியாக, முதுகு வளைந்திருந்தால் அது ஆம்ஃபிபாட். மீனுக்கு நல்ல தீனி, விட்டுவிடுங்கள். மேலிருந்து அழுத்தியதுபோல் தட்டையாக இருந்தால் அது ஐசோபாட். ஐசோபாடிலும் இரு வகையைப் பிரித்தறிய வேண்டும். சீண்டியவுடன் உருண்டையாகச் சுருண்டு, மெதுவாக ஊர்வது பாசி மேயும் ஸ்பீரோமாட்டிட். தலையின் இரு ஓரங்களிலும் பெரிய கருங்கண்களோடு, சுருளாமல் விரைந்து நீந்துவது சிரோலனிட். இவற்றுள் சில இரவில் மீனைப் பற்றி இரத்தம் குடிப்பவை. ஐசோபாடுகள் முட்டைகளை வயிற்றடிப் பையில் சுமந்து, வளர்ந்த குஞ்சுகளாகவே வெளிவிடுவதால், முட்டை சுமந்த ஒன்றே ஒன்று வந்தாலும் தொட்டிக்குள் பெருகிவிடும். ஆகவே காலையில் மீனின் உடலில் தொற்றியிருக்கிறதா என்று பார்த்து, ஐயமிருந்தால் மீன்களைப் பல மாதங்கள் வேறு தொட்டிக்கு மாற்றி, இங்குள்ள ஐசோபாடுகளைப் பட்டினி போடுவதே வழி.

பின்சேர்க்கை: ‘டக்’ என்ற ஓசை கேட்டாலே, பிற உயிர்களை வேட்டையாடும் மான்டிஸ் இறால் என்று அஞ்சிச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பிஸ்டல் இறாலும் அதே ஓசையை எழுப்பும் என்பதால் காதை நம்பாமல் கண்ணால் பாருங்கள். கொடுக்குகளில் ஒன்று மட்டும் பெருத்திருந்தால் பிஸ்டல் இறால், பெரும்பாலும் தொல்லையில்லை. காம்பின் நுனியில் தனித்தனியே சுழலும் கண்களும், மார்பில் மடித்து வைத்த முன்கால்களும் இருந்தால் மான்டிஸ். அது குடியிருக்கும் பாறையை வெளியே எடுத்து, வாளிக்கு மேல் பிடித்துக்கொண்டு, சுவை சேர்க்காத சோடாவைத் துளைக்குள் சிரிஞ்சால் செலுத்தினால் வெளியே வந்து விழும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.