கையால் தைக்கும் கார்டு பர்ஸ்: செய்முறையும் விலைக் கணக்கும்

தோல் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பெரிய பையில்தான் கை வைக்கிறார்கள். பாதியில் தையல் கோணி, தோலும் வீணாகிப் போகும். முதலில் கார்டு பர்ஸ் செய்யுங்கள். மூன்றே துண்டு, ஏறத்தாழ ஐம்பது தையல். வெட்டுவது, ஒட்டுவது, துளை போடுவது, தைப்பது, ஓரம் தேய்ப்பது என்று எல்லா வேலையும் இதற்குள்ளேயே வந்துவிடும். விலைக் கணக்கும் இதில் நன்றாகப் பிடிபடும்.

தோல் வாங்குவது

சென்னையில் இருந்தால் பெரியமேடு போங்கள். சதுர அடிக் கணக்கில் கொடுப்பார்கள். தோலைத் திருப்பினால் பின்பக்கம் அளவு எழுதியிருக்கும். 14 என்று போட்டு, மேலே ஓரமாகச் சின்ன 2 இருந்தால் பதினாலரை சதுர அடி. அந்தச் சின்ன எண் கால் அடிகளைக் குறிக்கிறது.

கேட்க வேண்டியது வெஜ் டேன் தோல், 1.2 மி.மீ. தடிமன். மரப்பட்டை, காய்ச் சாறுகளில் பதனிட்ட தோல் இது. நம் ஊர் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலும் இந்த வகைதான். முன்பு ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடிப்பார்கள், பின்னாளில் ஆவாரம்பட்டைக்குப் பதில் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு வந்தது. புவிசார் குறியீடும் பெற்ற தோல் அது. குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோல் மென்மையாக இருக்கும். ஆனால் ஓரத்தைத் தேய்த்தால் பளபளப்பு ஏறாது, பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும். கடைக்காரர் சொல்வது சந்தேகமாக இருந்தால் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் அநேகமாக அது குரோம். மேல்பூச்சு இல்லாத வெஜ் டேனில் ஒரு சொட்டு நீர் விட்டால் அந்த இடம் கறுத்துவிடும்.

வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும், கார்டு பாக்கெட்டுக்கு உதவாது. முதுகுப் பக்கமாக வெட்டுங்கள்.

கருவிகள்

ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு போட்ட கத்தி, 4 மி.மீ. இடைவெளியில் பற்கள் உள்ள துளை உளி, மரச் சுத்தி, முனை மழுங்கிய இரண்டு ஊசி, மெழுகு நூல், காம்பஸ், ரப்பர் சொல்யூஷன், 400 நம்பர் உப்புத்தாள். இவை போதும். இரும்புச் சுத்தி வேண்டாம், உளியின் தலை பிளந்துவிடும்.

வெட்டுவது, ஒட்டுவது

வங்கி கார்டின் அளவு 85.6 × 54 மி.மீ. நடுத்துண்டு 100 × 64. அதன் முன்னும் பின்னும் ஒட்டும் இரண்டு பாக்கெட்டும் தலா 100 × 48. கெட்டி அட்டையில் அச்சு வெட்டி, அதை வைத்துத் தோலில் வரையுங்கள். 100-இல் இரு பக்கமும் தையலுக்கு 4 போனால் உள்ளே 92 மிஞ்சும், கார்டு தாராளமாகப் போய்வரும்.

பாக்கெட்டின் வாய் ஓரத்தை ஒட்டுவதற்கு முன்பே தேய்த்து முடித்துவிடுங்கள். தைத்த பிறகு அங்கே கை போகாது. தோலின் வழவழப்பான முகத்தில் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தை மட்டும், அதாவது மூன்று ஓரங்களில் 3 மி.மீ. அகலத்துக்கு, உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள்.

தையல்

ஓரத்திலிருந்து 4 மி.மீ. தள்ளி காம்பஸால் கோடு இழுங்கள். உளியை நேராகப் பிடித்துத் துளை போடுங்கள். சாய்ந்தால் பின்பக்கத் தையல் கோணிவிடும். பாக்கெட் வாய்க்கு மேலே, நடுத்துண்டில், இரு பக்கமும் ஒரு துளை கூடுதலாக வேண்டும். நூல் வாயைச் சுற்றிப் பிடிக்கும், கார்டை இழுத்து இழுத்து முதலில் பிரிகிற இடம் அதுதான்.

தைக்க வேண்டிய நீளம் ஏறத்தாழ 20 செ.மீ. ஒரு மீட்டர் நூல் எடுத்து இரண்டு முனையிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரே பக்கத்து ஊசிதான் முதலில் நுழைய வேண்டும். மறு ஊசி அதே துளையில், முதல் நூலைக் குத்தாமல், எப்போதும் அதன் ஒரே பக்கமாக வர வேண்டும். இரண்டு கையும் ஒரே அளவில் இழுக்க வேண்டும். இந்த ஒழுங்கு தவறாமல் இருந்தால் தையல் எல்லாம் ஒரே சாய்வில் விழும். ஒரு துளையில் நூல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொண்டிருக்கும். மிஷின் தையலுக்கு இந்தப் பலம் கிடையாது, நீங்கள் கேட்கப்போகும் விலைக்கு முதல் நியாயம் இதுதான். முடிவில் இரண்டு துளை பின்னால் வந்து வெட்டுங்கள்.

பிறகு ஓரத்தை உப்புத்தாளால் சமன் செய்து, லேசாக ஈரம் தொட்டு, வழவழப்பான கட்டையால் சூடேறும்வரை தேயுங்கள். மூன்று தோலும் ஒரே தோல் போலத் தெரியும்வரை விடாதீர்கள்.

விலை

கடையில் தொங்கும் மிஷின் பர்ஸின் விலையைப் பார்த்து அதற்குப் பக்கத்தில் உங்கள் விலையை வைக்காதீர்கள். கணக்கை உங்கள் நேரத்திலிருந்து தொடங்குங்கள்.

மாதம் 24,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 25 நாள், எட்டு மணி நேரம் என்றால் 200 மணி. அதில் தோல் வாங்கப் போவது, போனில் பேசுவது, கூரியர் என்று போக, உண்மையில் கை வேலைக்கு 120 மணி மிஞ்சினால் பெரிது. ஆக ஒரு மணிக்கு 200 ரூபாய். 24,000-ஐ 200 மணியால் வகுத்து 120 ரூபாய் என்று போடுபவர்கள் மாதக் கடைசியில் கைக்காசைப் போட்டு வியாபாரம் செய்கிறார்கள்.

எடுத்துக்காட்டுக்குத் தோல் சதுர அடி 240 ரூபாய். துண்டுகளின் பரப்பைப் பார்த்தால் ஒரு சதுர அடியில் ஐந்து பர்ஸ் விழும். தழும்பு, ஓட்டை, வளைவு எல்லாம் போக நாலு என்று வையுங்கள். ஒன்றுக்கு 60. நூல், பசை, உப்புத்தாள் 15. பெட்டி 25. ஆகப் பொருள் 100. இரண்டு மணி நேர வேலை 400. வாடகை, மின்சாரம், கருவித் தேய்மானம் 40. அடக்கம் 540. அதன்மேல் 15 சதவீதம் லாபம் சேர்த்தால் 621, நேரடி விற்பனைக்கு 650.

இதையே 30 சதவீதம் எடுக்கும் கடையில் வைத்தால் உங்கள் கைக்கு வருவது 455. அடக்கத்துக்கே 85 ரூபாய் குறைகிறது. கடைக்கும் கொடுக்கும் எண்ணம் இருந்தால் விலையை 800 ஆக்கி, இரண்டு இடத்திலும் அதே விலைக்கு விற்றுவிடுங்கள். நேரில் குறைத்துக் கொடுத்தால் கடைக்காரர் அடுத்த முறை வாங்க மாட்டார்.

சொல்லிச் செய்யும் ஆர்டர்

புது அளவு கேட்டால் புது அச்சு வெட்ட வேண்டும். ஒன்றரை மணி ஆனால் 300 ரூபாய், ஒரு முறை மட்டும். இருபது பர்ஸ் கேட்டவருக்கு ஒன்றுக்கு 15 ரூபாய்தான் கூடும், ஒன்றே ஒன்று கேட்டவருக்கு முழு 300. இதைத் தயங்காமல் சொல்லுங்கள், காரணத்தோடு சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். பெயர் பொறித்த பொருளை வேறு யாரும் வாங்க மாட்டார்கள், அதனால் பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகே தோலில் கத்தி வையுங்கள். நிறத்துக்குத் தோல் துண்டையே காட்டி ஒப்புதல் வாங்குங்கள், போன் படத்தில் நிறம் மாறித் தெரியும். வெட்டிய அச்சின் மேல் தேதியும், அந்தப் பர்ஸுக்குப் பிடித்த நேரமும் எழுதி வையுங்கள். அடுத்தவர் அதே அளவு கேட்டால் விலையை அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.