குளம் பச்சை பிடித்தால் செய்யக்கூடாதவை

ஆவணி, புரட்டாதியில் வன்னிக் குளங்கள் வற்றி, மிஞ்சிய தண்ணீர் சூடேறிக் கிடக்கும்போதுதான் பச்சை படிகிறது. அதைக் கண்ட பதற்றத்தில் செய்யப்படும் பல வேலைகள் குளத்தை மேலும் கெடுக்கின்றன.

பச்சையெல்லாம் ஒன்றல்ல. தண்ணீர் இலேசான பச்சையாக இருப்பது நோயல்ல. திலாப்பியாவுக்கு அதுவே தீன், நன்னீர் மீன்பிடி நடப்பதும் அதனால்தான். நூல்நூலாக வளரும் பச்சைப் பாசியும் பெரும்பாலும் நஞ்சற்றது. பயப்பட வேண்டியது, பெயின்ற் ஊற்றியதுபோல் மேலே படரும் நீலப்பச்சைப் பாசிக்கு. மைக்ரோசிஸ்ரிஸ் அந்த வகை. தடியொன்றை விட்டு எடுத்துப் பாருங்கள். நூலாகத் தொங்கினால் இழைப்பாசி. தடியில் பெயின்ற் போல ஒட்டினால் சந்தேகப்படுங்கள். அடுத்து, கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடிப் போத்தலொன்றில் முக்கால்வாசிக்குத் தண்ணீர் எடுத்து, குளிர்சாதனப்பெட்டியில் ஒரு இரவு அசையாமல் வையுங்கள். விடிய, பச்சை மேலே மிதந்தால் அநேகமாக நீலப்பச்சை. முடிவான பதில் நுணுக்குக்காட்டியில்தான்.

பார்க்கும் இடத்திலும் பிழை விடுகிறார்கள். சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசி மிதக்கும் பாசியை வடகிழக்குக் கரைக்கு ஒதுக்கும். கிளிநொச்சி இரணைமடுவைப்போல வடக்கே அணைக்கட்டுள்ள குளங்களில் அது கட்டோரம், துருசு (மதகு) வாயிலில் வந்து தடிக்கும். நடுக்குளத் தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு, மாடு குடிக்கும் ஓரத்தை விட்டுவிடாதீர்கள்.

மயில்துத்தம் (செப்பு சல்பேற்று) போடுவது எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை. பாசி சாகும், உண்மைதான். ஆனால் உயிரணு வெடித்து, உள்ளே அடங்கியிருந்த நஞ்செல்லாம் ஒரேயடியாகத் தண்ணீரில் கலக்கும். செத்த பாசி அழுகி ஒட்சிசனைக் குடிக்கும்; செம்பு சேற்றில் தங்கிவிடும். கொதிக்கவைத்தாலும், மைக்ரோசிஸ்ரிஸ் போன்ற பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்ரின் நஞ்சு அழியாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். தொடர்ந்து குடிக்கும் நீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு, மைக்ரோசிஸ்ரின்-எல்.ஆர். நஞ்சுக்கு லீற்றருக்கு 1 மைக்ரோகிராம் மட்டுமே.

உண்மையான வேலை கரையில் இருக்கிறது. 50 கிலோ ரி.எஸ்.பி. (முச்சுப்பர் பொசுபேற்று) பசளை மூட்டையில் ஏறத்தாழ 10 கிலோ பொசுபரசு உண்டு. ஒரு கிராம் பொசுபரசு கிடைத்தால் உலர்நிறையில் 100 கிராமுக்கு மேல் பாசி வளர முடியும். அப்படியென்றால், குளத்தில் கரைந்துபோகும் ஒரு மூட்டை ஒரு தொன் பாசிக்குத் தீனி. யூரியாவை மட்டும் குறைத்துப் பயனில்லை, ஏனென்றால் நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் காற்றிலுள்ள நைதரசனையே எடுத்துக்கொள்ளும்.

அதனால்தான் அலைகரையில், அதாவது தண்ணீர் ஏறி இறங்கும் குளத்தின் உட்கரையில், பயிர் செய்ய வேண்டாமென்று கடுமையாகச் சொல்கிறோம். சிறுபோகத்தில் தண்ணீர் இறங்க இறங்கப் பசளை போட்டு உழுத மண், கார்த்திகை மழையில் அப்படியே தண்ணீருக்குள் போகிறது. அடித்தண்ணீரில் ஒட்சிசன் அற்றுப்போனால், சேற்றில் இரும்போடு பிணைந்து கிடந்த பொசுபரசு அவிழ்ந்து மேலே வரும். பசளையை நிறுத்தியபிறகும் குளம் சில வருடம் பச்சையாகவே இருப்பது இதனால்தான், பலனில்லையென்று கைவிட்டுவிடாதீர்கள். மேற்குளத்து வயல் வடிச்சலும் கீழ்க்குளத்துக்கே வருகிறது. அடிக்கட்டுப் பசளை போட்டு ஒரு கிழமையாவது வக்கடையை (வரம்பில் தண்ணீர் விடும் வாயை) திறக்க வேண்டாம்.

தாமரை, சம்பு, நாணலை முழுதாக வெட்டித் துப்புரவாக்குவதும் வேண்டாம். வரும் சத்தை அவை பிடித்துவைக்கின்றன. "பாசி தின்னும்" என்று புல்கெண்டையை விடுவதும் அப்படித்தான். அது தின்பது நீர்ச்செடியை, மிதக்கும் பாசியையல்ல. செடி போனால் சத்து பாசிக்குப் போகும்.

அள்ளிய பாசியைக் கரையிலே குவித்தால் முதல் மழையிலேயே திரும்பிவிடும். வான்பாயும் மட்டத்துக்கு மேலே, மாடு எட்டாத இடத்தில் புதையுங்கள்.

விடியற்காலை மீன் செத்து மிதந்தால் உடனே யாரோ நஞ்சு கலந்தார்கள் என்று சண்டை தொடங்குகிறது. இரவில் பாசியும் மூச்சுவிடும். விடிவதற்குச் சற்றுமுன் ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும். நண்பகலில் அளந்தால் எல்லாம் நல்லபடியாகத்தான் தெரியும். காலை ஐந்து, ஐந்தரைக்கு ஒட்சிசனை அளந்து பாருங்கள். லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே நின்றால் மீன் செத்த காரணம் பெரும்பாலும் மூச்சுத்திணறல்தான். எதுவானாலும் அந்த மீனைக் கறிக்கோ கருவாட்டுக்கோ எடுக்காதீர்கள்.