மரபணு ஆலோசனையின் பணிச்சுமையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நோய் குடும்பத்துக்குள் எவ்வாறு கடத்தப்படுகிறது, அடுத்த பிள்ளைக்கு அது வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு, எந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பவற்றைக் குடும்பத்தினருக்கு விளங்கும்படி எடுத்துரைத்து, அவர்கள் தாமாக ஒரு முடிவுக்கு வரத் துணைநிற்பதே மரபணு ஆலோசனை. வன்னியில் இந்தப் பணி பெரும்பாலும் தனியொரு பதவியின் பெயரால் நடப்பதில்லை. குழந்தை மருத்துவக் கிளினிக்கிலும், கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக்கிலும், குருதி ஏற்றும் விடுதியிலும், வைத்தியரும் தாதிய உத்தியோகத்தரும் தமது ஏனைய வேலைகளுக்கிடையில் செய்யும் வேலையாகவே அது இருக்கிறது. இதனால், இதற்கென எத்தனை பேர் தேவை என்று மேலிடம் கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு கணக்கும் கையில் இருப்பதில்லை. ஆளணி கோரிக் கடிதம் எழுதுவதற்கு முன்னர் சுமையை அளந்தாக வேண்டும். ஆனால் பிழையாக அளப்பது அளக்காமல் விடுவதிலும் தீங்கானது. பிழையான எண் ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால், பின்னர் வரும் ஒவ்வொரு அதிகாரியும் அதையே அடிப்படையாகக் கொள்வார்.

மிகப் பரவலான தவறு, வந்தவர்களின் தலையை எண்ணுவது. வெளிநோயாளர் பிரிவில் நம்பர் துண்டு கொடுத்து எண்ணும் பழக்கம் நமக்கு ஊறிப்போனது. காய்ச்சலுக்கு வரும் நூறு பேரை அவ்வாறு எண்ணினால் பெரிய பிழை நேராது. ஆனால் குருதிச் சோதனையில் தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயின் காவியென, அதாவது பழுதான மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவரெனத் தெரியவந்த, உடலில் எந்தக் குறையும் இல்லாத ஓர் இளைஞனுக்கு அது நோயல்ல என்று விளக்குவதும், அதே நோயால் மாதந்தோறும் குருதி ஏற்றிக்கொள்ளும் பிள்ளையை உடைய தாய் தந்தையருக்கு அடுத்த கர்ப்பத்தைப் பற்றி எடுத்துரைப்பதும் பதிவேட்டில் ஒவ்வொரு வரியாகவே விழுகின்றன. தாயும் தந்தையும் காவிகளாயின் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வருவதற்கான வாய்ப்பு 25 வீதம் என்பதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதால் இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று அந்தப் பெற்றோர் விளங்கிக்கொள்ளாமல் இருப்பதை உறுதிசெய்வதற்கே நேரம் தேவை.

அடுத்த தவறு, கதிரையில் எதிரெதிரே அமர்ந்திருந்த நேரத்தை மட்டும் வேலையாகக் கொள்வது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் மரபணு ஆலோசகரின் சேவைக்குக் கட்டணம் கோருவதற்கு 2007ஆம் ஆண்டு முதல் இருந்த குறியீடு, நேருக்கு நேர் செலவிட்ட நேரத்தை மட்டும் முப்பது நிமிடக் கூறுகளாகக் கணக்கிட்டது. கோப்பைப் படித்ததும், ஆய்வுகூடத்தோடு பேசியதும், கடிதம் எழுதியதும் அதில் சேரவில்லை. 2025 ஜனவரியில்தான் அது மாற்றப்பட்டு, சந்திப்பு நடந்த நாளில் ஆலோசகர் அந்த நோயாளிக்காகச் செலவிட்ட முழு நேரமும் கணக்கில் கொள்ளப்பட்டது. அங்கும் ஒரு குறை எஞ்சியிருக்கிறது: சந்திப்புக்கு முதல் வாரம் பழைய அறிக்கைகளைத் தேடியதும், இரண்டு மாதங்கழித்து வந்த முடிவை விளக்கியதும் அந்த நாளுக்கு வெளியே விழுகின்றன. ஆகவே நாம் புதிதாக ஒரு படிவம் தயாரிப்பதானால், நாளை அலகாகக் கொள்ளாமல், ஒரு குடும்பம் அனுப்பிவைக்கப்பட்ட நாள் தொடங்கி அதன் கோப்பு மூடப்படும் நாள் வரையிலான மொத்த நேரத்தையே அலகாகக் கொள்வது நல்லது.

குடும்பம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வைத்தியசாலையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கிளினிக் கொப்பி. ஒரு பிள்ளையின் நோய் உறுதியானதும் தாய், தந்தை, கூடப்பிறந்தவர்கள், மணமாகும் வயதிலுள்ள சித்தி, மாமா என்று சோதனை விரிகிறது. ஒருவர் இதைப் பிள்ளையின் பெயரில் ஒரு வழக்காகவும், இன்னொருவர் ஆறு கொப்பிகளுக்கு ஆறு வழக்காகவும் பதிந்தால், அந்த இரண்டு கிளினிக்குகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. எதை ஒரு வழக்கென்று கொள்வது என்பதை அளவீடு தொடங்குவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். காலமும் இவ்வாறே நழுவும். இரும்புச்சத்துக் குறைபாடு உள்ளவரிடம் பீட்டா தலசீமியாக் காவியைக் காட்டும் ஹீமோகுளோபின் ஏ2 அளவு தாழ்ந்து தெரிந்து, காவி என்பதே தவறிப்போகக்கூடும் என்பதால், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துச் சில மாதங்களின் பின் மறுபடியும் சோதிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கோப்பு அதுவரை திறந்தே கிடக்கும்.

வன்னிக்கே உரிய சுமை, குடும்ப மரபு வரைபடத்தை வரைவதில் இருக்கிறது. மூன்று தலைமுறையினரைச் சதுரங்களாலும் வட்டங்களாலும் குறித்து, இறந்தவர் மீது குறுக்குக்கோடு இடுவது உலகெங்கும் உள்ள முறை. பாடநூல் ஒழுங்கில் அது முதற் சந்திப்பின் ஒரு பகுதிக்குள் முடிந்துவிட வேண்டிய வேலை. ஆனால் 2009இல் முடிந்த போரில் இங்கு ஒன்றுக்கு மேற்பட்டோரை இழந்த குடும்பங்கள் ஏராளம். சிறு வயதில் இறந்த ஒரு பிள்ளை நோயால் இறந்ததா, ஷெல் பட்டு இறந்ததா, இடம்பெயர்ந்த வழியில் மருந்தின்றி இறந்ததா என்பது மரபியல் கணக்கையே மாற்றிவிடும். ஆகவே கேட்காமல் விடவும் முடியாது, அவசரமாகக் கேட்கவும் முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் சதுரத்தின் மீது அவனுடைய தாயின் கண்முன்னால் குறுக்குக்கோடு இடவே கூடாது என்பது என் எண்ணம். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினால் போதும். பழைய கொப்பிகளும் அறிக்கைகளும் இடப்பெயர்வில் தொலைந்துபோனதால் பலருடைய நோய் வரலாறு வாய்மொழியாகவே கிடைக்கிறது. எஞ்சிய உறவினர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பர். அவர்களுடைய சோதனை அறிக்கை, அங்கு பகலாக இருக்கும்போது, இங்கு இரவில், யாராவது ஒருவருடைய வாட்ஸ்அப்பில் வந்து சேரும். அதைத் திறந்து வாசித்து மறுமொழி சொன்ன நேரத்தை எந்தப் பதிவேடும் அறியாது. இதனுடன் மச்சான் மச்சாள் உறவில் நடந்த திருமணங்களைச் சேர்த்துப் பார்த்தால், சொந்தக்காரர் இருவர் இரண்டு வழியால் தொடர்புபட்டிருப்பதைப் பிரித்து வரைவதற்கே தனியாக நேரம் வேண்டும். நேரடி மச்சான் மச்சாள்மார் தமது மரபணுக்களில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பர் என்பதால், இந்தப் பிரிப்பைச் செய்யாமல் கடந்துபோகவும் இயலாது.

எனவே வெளிநாட்டு நேர அளவுகளை அப்படியே எடுத்து இங்கு பொருத்துவதும் தவறாகிறது. அமெரிக்காவிலுள்ள ஆலோசகருக்குக் காப்புறுதி நிறுவனத்தின் அனுமதி பெறுவதில் நேரம் போகும். இங்கு அது இல்லை. அதற்குப் பதிலாக, மாதிரியை எங்கு அனுப்புவது, குடும்பம் கொழும்புக்குப் போக வேண்டுமா, செலவுக்கு என்ன வழி என்பவற்றில் நேரம் போகிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின்படி தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருக்கலைப்புச் செய்ய முடியாது. ஆகவே கருவிலேயே நோயைக் கண்டறிவது பற்றிய உரையாடல் இங்கு வேறொரு திசையில் செல்கிறது. அந்த முடிவை வைத்துக்கொண்டு குடும்பம் என்ன செய்யலாம் என்பதை, சோதனைக்கு முன்பே நேர்மையாகப் பேசியாக வேண்டும். திருமணப் பேச்சுக்கால் நடக்கும் வீடுகளில், இந்த முடிவு வெளியே தெரிந்தால் கலியாணம் குழம்புமே என்ற அச்சத்தைத் தணிப்பதும் இதே வேலையின் ஒரு பகுதிதான்.

எந்த மாதத்தில் அளக்கிறோம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்போக அறுவடைக் காலத்திலும், வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டிய நாட்களிலும், மாரி மழையில் தாழ்நிலப் பாதைகள் வெள்ளத்தில் மூழ்கும்போதும் கிளினிக்குக்கு வருவோர் குறைவர். வெளிநாட்டு உறவினர் விடுமுறையில் வந்து நிற்கும் நாட்களில், கூடவே வந்து கேள்வி கேட்போர் அதிகம். ஒரு வாரத்தை மட்டும் அளந்து அதை ஐம்பத்திரண்டால் பெருக்கும் கணக்கு இதனால்தான் பிழைக்கிறது. வேறு வேறு பருவங்களில் சில வாரங்களாவது அளக்க வேண்டும். வராமல் விட்டவர்களுக்காக ஒதுக்கிய நேரத்தையும், அவர்களைத் தேடிக் குடும்பநல உத்தியோகத்தருடன் பேசிய நேரத்தையும் தனி நிரலில் எழுத வேண்டும். துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ பஸ்ஸில் வருபவருக்கு இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்வது எளிதன்று. இரண்டு சந்திப்புக்குரிய விடயத்தை ஒரே இருப்பில் பேசி முடிக்கிறோம். அதனைத் தாமதமாக வேலை செய்வதென்று வாசித்துவிடக் கூடாது.

பதியும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை மாலையில் நினைவிலிருந்து நிரப்பும் படிவத்தில் தொலைபேசி அழைப்புகள் மறைந்துவிடும், நேரமெல்லாம் அரைமணிகளாக உருண்டுவிடும். வேலை முடிந்த கையோடு எழுதுவதே சரி. படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டினால் எவரும் அதை நிரப்ப மாட்டார்.

சேர்ந்த எண்களைச் சராசரியாக்கும்போதும் எச்சரிக்கை தேவை. பத்து வழக்குகளில் எட்டு ஒரு மணித்தியாலத்தில் முடிந்து, இரண்டு வழக்குகள் பத்து மணித்தியாலம் வீதம் எடுத்தன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2.8 மணித்தியாலம், ஆனால் அவ்வளவு நேரம் எடுத்த வழக்கு ஒன்றேனும் அங்கு இல்லை. புதியவர், மீள்வருகை, கர்ப்பகாலம், குருதி நோய், பரம்பரைப் புற்றுநோய் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடைநிலை அளவையும் (நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) மிக நீண்ட வழக்கின் அளவையும் கொடுப்பதே ஆளணி முடிவெடுப்பவருக்குப் பயன்படும். புற்றுநோய் வழக்குகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: பொருள் உறுதியாகாத மரபணு மாற்றம் என்று இன்று வரும் முடிவு, சில ஆண்டுகளின் பின் தீங்கற்றது என்றோ நோய்க்குக் காரணமானது என்றோ மறுவகைப்படுத்தப்படலாம். அப்போது அந்தக் குடும்பத்தைத் திரும்ப அழைப்பது யாருடைய வேலை, அதற்கான நேரம் எந்தக் கணக்கில் சேரும் என்று படிவத்திலேயே ஒரு வரி இருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பின்னரும், பெற்ற எண்களைக் கொண்டு இரண்டு உத்தியோகத்தர்களில் யார் கெட்டிக்காரர் என்று தீர்ப்பிடத் தொடங்கினால் அடுத்த மாதம் முதல் படிவங்களில் உண்மை இராது. எண்ணிக்கை கூட வேண்டும் என்ற நெருக்குதலில் உரையாடல்தான் முதலில் சுருங்கும்.

அளவீட்டை அனுப்பும்போது அதனுடன் இன்னொரு தாளையும் இணைத்து அனுப்ப வேண்டும். சந்திப்புக்குத் திகதி கேட்டுக் காத்திருப்போர் எத்தனை பேர், அவர்களுள் கர்ப்பிணிகள் எத்தனை பேர், முதல் அழைப்புக்கும் முதற் சந்திப்புக்கும் இடையில் எத்தனை வாரம் சென்றது என்பவை அதில் இருக்க வேண்டும். செய்த வேலையை மட்டும் அளந்தால், இருக்கும் ஆட்களால் எவ்வளவு செய்ய முடிந்தது என்பதே தெரியவரும். ஒருவருமே இல்லாத வைத்தியசாலையின் பணிச்சுமை அந்த முறையில் எப்போதும் பூச்சியமாகவே வந்துகொண்டிருக்கும்.