ஸ்லைடு லேஅவுட்டை நம் வசதிக்கு மாற்றுவது

பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். பெரும்பாலான ஸ்லைடுகளில் இடப்பக்கம் படம், வலப்பக்கம் குறிப்பு. பவர்பாயின்ட்டில் ஹோம் தாவலில் லேஅவுட்டை (ஸ்லைடில் எது எங்கே என்ற அமைப்பு) அழுத்தி 'டூ கன்டென்ட்' எடுத்தால் இது வந்துவிடும். டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு ஒப்பேற்றாதீர்கள். லேஅவுட்டை மாற்றும்போது அது மட்டும் நகராமல் நிற்கும்.

ஆனால் சரிபாதி எனக்குப் போதாது, இதயத்தின் படத்துக்கு இடம் அதிகம் வேண்டும். வியூ தாவலில் 'ஸ்லைடு மாஸ்டர்' போங்கள். இடப்பக்க வரிசையில் பெரிதாக இருப்பது மாஸ்டர். எழுத்துருவை அங்கே மாற்றினால் கீழே உள்ள லேஅவுட்களிலும் மாறும். தமிழுக்கு நான் 'நிர்மலா யுஐ' வைத்து, வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன்.

அப்புறம் 'இன்சர்ட் லேஅவுட்'. 'இன்சர்ட் பிளேஸ்ஹோல்டர்' (படமோ எழுத்தோ வந்து உட்காரும் காலிச் சட்டம்) பட்டியலில் 'பிக்சர்' கண்ணில் படும், எடுக்காதீர்கள். அது சட்டத்தை நிரப்புவதற்காகப் படத்தின் ஓரத்தை வெட்டிவிடும். பாகம் குறித்த படத்தில் பெருந்தமனியின் பெயரே காணாமல் போகும். 'கன்டென்ட்' எடுத்து மூன்றில் இரண்டு பங்கு அகலத்துக்கு வரையுங்கள், மிச்சத்தில் 'டெக்ஸ்ட்'. இடப்பக்க வரிசையில் இந்தப் புது லேஅவுட்டை வலது கிளிக் செய்து பெயர் வைத்துவிட்டு, 'குளோஸ் மாஸ்டர் வியூ' கொடுங்கள்.

பழைய ஸ்லைடு புது லேஅவுட்டுக்குச் சரியாக மாறாமல் அடம்பிடித்தால், ஹோம் தாவலில் லேஅவுட்டுக்குப் பக்கத்திலேயே 'ரீசெட்' இருக்கிறது. கையால் மாற்றிய எழுத்தளவும் அதோடு போய்விடும், பார்த்துச் செய்யுங்கள்.