சூரியன் மறைய இன்னும் எவ்வளவு நேரம்? விரல்களே சொல்லும்

நடைபயணத்தில் இயற்கைக் காட்சிகளைப் படமெடுப்பவர்களுக்கு ஒரு எளிய வழி. கையை முழுதாக நீட்டி, விரல்களைப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் எத்தனை விரல் அடங்குகிறது என்று எண்ணுங்கள். சூரியனை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிப் போகப் போக சூரியன் சாய்வாக இறங்கும் என்பதால் நேரம் இன்னும் கூடும். எதிரே மலை இருந்தால் அதன் முகட்டிலிருந்து எண்ணுங்கள். உங்களுக்கு வெளிச்சம் அங்கேயே முடிந்துவிடும்.

நான்கு விரல் மிச்சமிருக்கும்போதே நடையை நிறுத்தி இடம் பிடிப்பது நல்லது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் காட்சி தட்டையாகிவிடும். பக்கவாட்டில் வரும்படி நில்லுங்கள்: பாறையின் சொரசொரப்பு, புல்லின் நுனி, மணல்மேட்டின் வரிகள் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். என்னைக் கேட்டால், விலையுயர்ந்த லென்ஸைவிட இதுதான் படத்தை மாற்றும். போலரைசர் ஃபில்டர் (வானத்தின் நீலத்தை ஆழமாக்க லென்ஸின் முன் மாட்டும் கண்ணாடி) இருந்தால், சூரியனுக்கு 90 டிகிரியில் உள்ள வானத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும்.

ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப் எண் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 8 முதல் 11 வரை போதும். மேகம் வெளுத்துப்போகாதபடி எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, கொஞ்சம் குறையுங்கள். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப் படக் கோப்பு) எடுத்தால் நிழலைப் பிறகு மீட்கலாம்.

சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அடுத்த 20 நிமிடங்களுக்குள் மேகங்களின் அடிப்பகுதி சிவக்க வாய்ப்புண்டு. அதனால் தலையில் மாட்டும் டார்ச் கட்டாயம் பையில் இருக்கட்டும்.