சென்னையில் லாங் ரன்: வியர்வைக் கணக்கும் உரசல் புண்ணும்

ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தானில் 42.195 கி.மீ. ஓட நினைப்பவர்கள் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் ஆரம்பித்தால் 16 வாரம் கையில் இருக்கும். ஞாயிறு லாங் ரன் இப்படிப் போகலாம்: 16, 18, 20, 14, 20, 22, 24, 16, 24, 27, 30, 20, 32, 22, 14 கி.மீ. அதற்கடுத்த ஞாயிறு போட்டி. நாலு வாரத்துக்கு ஒருமுறை தூரம் இறங்குவதைப் பார்த்து, 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எலும்பும் தசைநாணும் தேறுவது அந்த வாரத்தில்தான். இன்றைக்கு 14 கி.மீ. நிற்காமல் ஓட வராதவர்கள் இந்த வருஷம் அரை மாரத்தானோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த அட்டவணை எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊரில் ஆளைக் கவிழ்ப்பது வியர்வை. காலை நாலரை மணிக்கு வெயில் இல்லையே தவிர, காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே அது ஆவியாகாமல் முழங்கால் வழியே இறங்கி சாக்ஸை நனைக்கும். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஷூ 'சளக் சளக்' என்று சத்தம் போடும். வெப்பத்தைத் தணிக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். அதனால் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை நம்ப வேண்டாம். ஒரு குறளின் ஏழு சீரையும் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. மூன்றாம் சீரிலேயே இழுத்தால் குறையுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு ஊகம் வேண்டாம், கணக்குப் போடலாம். கழிப்பறை போய்வந்து, உடையில்லாமல் எடை பாருங்கள். ஓடி முடித்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, மறுபடியும் அதே மெஷினில் அதே மாதிரி பாருங்கள். போகும்போது 68.0 கிலோ, வந்ததும் 66.6, வழியில் குடித்தது 500 மி.லி., ஓடியது 75 நிமிடம் என்று வையுங்கள். இழந்தது 1.4 கூட்டல் 0.5, ஆக 1.9 லிட்டர். மணிக்கு ஒன்றரை லிட்டர். அத்தனையையும் ஓடும்போதே திருப்பி ஊற்ற முடியாது, வயிறு குலுங்கும். மணிக்கு 400 முதல் 800 மி.லி. வரை பெரும்பாலோருக்குத் தாங்கும். மீதியை வீட்டுக்கு வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். ஓடிவிட்டு வந்தபின் எடை கூடியிருந்தால்தான் பயப்பட வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஓட்டம் முடிந்ததும் கடற்கரையில் இளநீர் குடிப்பது நம் பழக்கம். நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். ஓஆர்எஸ் கலக்குவதானால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீர்தான். 1 லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் வயிற்றைக் கலக்கும்.

ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. கடலை மிட்டாயில் கொழுப்பு சேர்வதால் ஓடும்போது செரிக்க நேரமாகும். முந்தின ராத்திரி சுண்டலையும் கீரையையும் தவிருங்கள். காபி குடிப்பவர்கள் கிளம்ப முக்கால் மணி நேரம் முன்பே குடித்து, கழிப்பறை வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி உரசல். தொடை இடுக்கு, அக்குள், ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப் பட்டை, ஆண்களுக்கு மார்புக்காம்பு. ஓடும்போது பெரிதாகத் தெரியாது, குளிக்கப் போய்த் தண்ணீர் பட்டதும் உயிர் போகும். தேங்காய் எண்ணெய் அரை மணி நேரத்தில் வியர்வையோடு வழிந்துவிடும். வாஸ்லினை வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு அப்புங்கள். மார்புக்காம்புக்கு மருந்துக் கடை டேப்பை, வியர்க்கும் முன்பே, காய்ந்த தோலில் ஒட்ட வேண்டும். பருத்தி பனியன் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி அறுக்கும். கால் நகம் கறுப்பது ஷூவின் முனையில் நகம் இடிப்பதால். ஷூவை மாலையில், கால் வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

24 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டிய வாரங்கள் வடகிழக்குப் பருவமழையில் வந்து விழும். தூறலில் ஓடலாம். தேங்கிய நீரில் வேண்டாம்: திறந்த மேன்ஹோல் தெரியாது, காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். மெரினா கடற்கரைச் சாலையில் நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் சுமார் 3 கி.மீ.; மழை நாளில் அதிலேயே சுற்றுவது உத்தமம். ஒரே இடத்தில் பாட்டிலையும் மாற்று சாக்ஸையும் வைத்துக்கொள்ளலாம். நனைந்த ஷூவின் உள்அட்டையை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் ஊறியிருக்கும், மாற்றுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் பசை விடும். விரலிடுக்கைத் துடைக்காமல் விட்டால் சேற்றுப்புண் வந்து இரண்டு வாரம் போய்விடும்.

கெண்டைக்காலில் பரவலாக வலித்தால் ஓய்வில் தணியும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்து, ராத்திரி படுத்தபின்னும் விடவில்லையென்றால் அது எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஒற்றைக் காலில் குதித்துச் சோதித்துக்கொண்டிருக்காமல் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.