மூலிகை தேடிப் போகிறவர் நோட்டை எப்போது திறக்கலாம்?

மருந்து நிறுவனங்களுக்காகச் செடி தேடும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருபது வருடமாக எனக்கு இதுதான் தொழில். செடியைப் பறிப்பது, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்துவது, எண் கட்டுவது எல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். ஒருவர் தன் பாட்டியிடம் கற்றுக்கொண்டதை எப்படிக் கேட்பது, கேட்டதை எங்கே வைப்பது என்பது அவ்வளவு சீக்கிரம் வராது.

ஊருக்குள் போனதும் நோட்டை மூடியே வையுங்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூதாட்டி எனக்காக ஒரு கொடியின் வேரைத் தோண்டி எடுத்தார். நகத்தால் தோலைச் சுரண்டி முகர்ந்து பார்க்கச் சொன்னார். புண்ணுக்கு எப்படி அரைப்பது, எதோடு சேர்க்கக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். அதையெல்லாம் சுருக்கி, உலர்த்திய செடியை ஒட்டிப் பாதுகாக்கும் ஹெர்பேரியம் தாளில் ஒட்டும் சீட்டில் ‘உள்ளூர்ப் பயன்பாடு’ என்ற இடத்தில் ஒரே வரியாக எழுதினேன். சில வருடங்கள் கழித்து அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினார்கள். அவர் என்னை நம்பிச் சொன்னது இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கக் கூடியதாகிவிட்டது. நீக்கச் சொல்லி எழுதினேன், நீக்கினார்கள். ஆனால் அதற்குள் வேறு தொகுப்புகளில் அது ஏறியிருந்தது. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

அதனால் ஒட்டும் சீட்டில் இடம், தேதி, மண், பூவின் நிறம் மட்டும் இருக்கட்டும். என்ன நோய்க்கு, எப்படி என்பது தனி ஏட்டில் எண்ணோடு இருக்கட்டும். அந்த ஏட்டை யார் பார்க்கலாம் என்பதை ஊர்க்காரர்களே முடிவு செய்யட்டும்.

சரி, நோட்டை எப்போது திறப்பது? நான்கு விஷயங்களைச் சொல்லி முடித்த பிறகு. உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார், இந்தச் செடி எதற்குத் தேவைப்படுகிறது, மருந்து விற்றால் பணம் யார் கைக்குப் போகும், வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள். நான்காவதற்கு ஒரே பதில்தான் உண்டு: கிளம்பிவிடுவேன். இதை அவர்கள் மொழியில் சொல்லுங்கள், சொல்லிவிட்டு அன்றைக்கே பதில் கேட்காதீர்கள். அவர்கள் தங்களுக்குள் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்காதீர்கள். விருந்தாளி முகத்தைப் பார்த்துக்கொண்டு ‘மாட்டேன்’ என்று சொல்வது யாருக்கும் சிரமம்.

அரசாங்க அனுமதி கையில் இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். 2014-ல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தம், பழங்குடிச் சமூகத்தின் பாரம்பரிய அறிவைப் பெறுவதற்கு அந்தச் சமூகத்தின் முன்சம்மதமோ, ஒப்புதலும் பங்கேற்புமோ வேண்டும் என்கிறது. வனத்துறைக் கடிதம் காட்டுக்குள் போவதற்கான அனுமதி. ஒருவரின் அறிவுக்குள் போவதற்கு அது போதாது.

யாரிடம் கேட்பது என்பதில்தான் நல்ல மனதோடு போனவர்களும் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். அகத்திய மலையில் காணிப் பழங்குடியினர் நடைக் களைப்புத் தெரியாமலிருக்கக் கனியைத் தின்ற ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்த கதை பலருக்குத் தெரியும். 1995-ல் அதைத் தயாரிக்கும் உரிமம் ஒரு மருந்து நிறுவனத்துக்குக் கைமாறியது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி, இரண்டிலும் பாதி காணிகளுக்கு. அந்தக் காலத்தில் அது பெரிய முன்மாதிரி. ஆனால் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிகளாக வந்தவர்கள் சிலரே, காணிக் குடியிருப்புகளோ பல. தங்களைக் கேட்கவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள், அவர்களுடைய வைத்தியர்களில் சிலர் எதிர்த்தார்கள். மெக்சிகோவின் சியாபாஸில் மாயா மக்களிடையே தொடங்கிய ஒரு பெரிய திட்டம், அத்தனை ஊர்களுக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்லும் உரிமை யாருக்கு என்ற சண்டையில் 2001-ல் நின்றே போனது. ஆகவே வழிகாட்டியின் தலையசைப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அறிவு வேறு எந்தெந்த ஊர்களில் இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள்.

பணப் பேச்சு வரும்போது சதவீதத்தை மட்டும் பேசி முடிக்க விடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் பசியை அடக்கத் தின்ற ஹூடியா என்ற செடியின் பசியடக்கும் பொருளுக்கு அவர்களைக் கேட்காமலே காப்புரிமை எடுக்கப்பட்டது. எதிர்ப்பு வந்த பிறகு, 2003-ல் ராயல்டியில் 6 சதவீதம் தருவதாக ஒப்பந்தம் ஆனது. கையில் எடுத்த பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன, மருந்து சந்தைக்கே வரவில்லை. வராத வருமானத்தில் 6 சதவீதம் என்ன ஆகும்? ஆய்வின் ஒவ்வொரு கட்டத்திலும் தொகை, முன்பணம், மருந்து தோற்றாலும் ஊரில் நிற்கக்கூடிய ஏதாவது ஒன்று, இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் நிறுவனத்தோடு தொடர்பில்லாத வக்கீல் ஒருவரை அவர்கள் பக்கம் உட்கார வையுங்கள். மாதிரி வேறு ஆய்வகத்துக்குப் போவதானால் மறுபடியும் கேட்க வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

‘எழுதி வெளியிட்டுவிட்டால் யாரும் திருட முடியாதே?’ என்று ஊரில் சிலர் கேட்பார்கள். பாதி உண்மை. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமை, பழைய எழுத்துச் சான்றுகளைக் காட்டியதால்தான் 1997-ல் ரத்தானது. ஆனால் அச்சில் வந்துவிட்டதை எடுத்துப் பயன்படுத்துகிறவன் ஊர்க்காரர்கள் வாசலுக்கு வந்து கேட்க மாட்டான். இரண்டையும் விளக்குங்கள், முடிவு அவர்களுடையது.

அப்புறம், கிளம்பும் முந்தின நாள் மாலையில் எழுதியதை எல்லாம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்ன பக்கத்தைக் கிழித்து அவர்கள் கையில் கொடுங்கள். போன முறை எனக்குப் பதினோரு பக்கத்தில் நான்கு போனது. நிறுவனம் முக்கியமாகக் கேட்டிருந்த செடி அந்த நான்கில்தான் இருந்தது. அது இல்லாமலேதான் அறிக்கையை அனுப்பினேன்.